ஆஸ்பத்திரி வரைக்கும் போகுமுங்க

எலக்ட்ரிக் கார் வைத்திருப்பதும் ஒரு உத்தியோகம்தான். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, போகிற வீட்டிலெல்லாம் சாமி படத்துக்கு முன்னால் பிளக் பாயின்ட் கண்ணில் படுகிற வியாதி மட்டும் உண்டு. உங்களில் யாரிடமாவது இந்த வண்டி இருந்தால் இந்நேரம் தலையை ஆட்டியிருப்பீர்கள். கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளை எப்படி என்று பார்ப்பதற்கு முன்னால், மண்டபத்துச் சுவரில் பதினஞ்சு ஆம்பியர் பிளக் இருக்கிறதா என்று பார்க்கிற ஜாதி நாம்.

நாங்கள் குடியிருப்பது ஆனைமலைக்கு அக்கட்ட, தென்னந்தோப்புக்குள் ஒரு சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில். வீட்டுக்காரர் நார் மில்லில் சூப்பர்வைசர். மகள் யாழினிக்கு நாலு வயது. நான் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ முடித்தவள். கார் ஓட்டக் கற்றதெல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம். மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அந்த அத்தைக்காகத்தான் கார் வாங்கினோம்.

அத்தைக்கு ரெண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. வாரத்தில் ரெண்டு நாள் டயாலிசிஸ். பொள்ளாச்சியிலேயே செய்கிறார்கள்தான், ஆனால் அத்தைக்கு ரத்தக்குழாய் நூல் மாதிரி. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டெல்லா என்கிற நர்ஸ் கைக்குத்தான் ஊசி ஒழுங்காக ஏறும். ஒரு நடை தவறினால் கால் வீங்கி மூச்சு முட்டும். ரெண்டு நடை தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அதை நான் வீட்டில் யாரிடமும் திருப்பிச் சொல்லவில்லை. டீசல் வண்டி கட்டுப்படி ஆகாது என்று, ஒருத்தர் ஓட்டித் தேய்த்த சின்ன எலக்ட்ரிக் காரை வாங்கினார் என் வீட்டுக்காரர். பேட்டரிக்கு வயசாகிவிட்டது. கோயமுத்தூர் போய்த் திரும்ப, போதும் என்றால் போதும், போதாது என்றால் போதாது. அந்த ரெண்டுக்கும் நடுவில் ஓடியதுதான் எங்கள் வாழ்க்கை.

எவ்வளவு போகும்?

இந்த வண்டிக்காரர்களுக்கு ஊர் உலகம் வைத்திருக்கிற கேள்வி ஒன்றே ஒன்று. டீக்கடையில் நிறுத்தினால் கேட்பார்கள். சிக்னலில் நின்றால் பக்கத்தில் பைக்கில் நிற்பவர் ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு கேட்பார். சீர் தட்டை நீட்டிக்கொண்டே கேட்டவர்களும் உண்டு. "ஒரு தடவ சார்ஜ் போட்டா எவ்வளவு தூரமுங்க போகும்?"

முதலில் நான் ஒழுங்காகப் பதில் சொல்லிப் பார்த்தேன். ஏசி போட்டால் இவ்வளவு, போடாவிட்டால் இவ்வளவு, மேடு ஏறினால் இவ்வளவு என்று. கேட்டவர் பாதியிலேயே வேறு பக்கம் திரும்பிவிடுவார். ஒரு நாள் கிணத்துக்கடவு டீக்கடையில் ஒரு பெரியவர், வண்டிக்குப் பின்னால் குனிந்து சைலன்சரைத் தேடிவிட்டு, அது இல்லை என்று உறுதியானதும் இதே கேள்வியைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் முன் சீட்டில் சாய்ந்திருந்த அத்தை கண்ணாடியை இறக்கினார்.

"ஆஸ்பத்திரி வரைக்கும் போகுமுங்க. திரும்பி வாரது என்ற ஒடம்பப் பொறுத்துதுங்க."

நிழலுக்கு நின்ற வண்டி

ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு பெரிய ஜவுளிக் கடை. அதன் பார்க்கிங்கில் சார்ஜர் உண்டு. அத்தையை மெஷினில் படுக்க வைத்துவிட்டு, நானும் யாழினியும் போய் வண்டியைச் சொருகிவிட்டு நடந்து திரும்பி வருவது வழக்கம். அத்தைக்கு ஏற நாலு மணி நேரம், வண்டிக்கு ஏற அதில் பாதி. கணக்குச் சரியாக வரும், இடம் காலியாக இருந்தால்.

ஒரு நாள் அந்த இடத்தில் பெரிய டீசல் வண்டி ஒன்று. உள்ளே சீட்டைச் சாய்த்து ஒருத்தர் படுத்திருந்தார். கண்ணாடியைத் தட்டினேன்.

"ஏனுங்ணா, இது சார்ஜ் போடற எடமுங்க."

"தெரியுமுங்க அம்மணி, போர்டுல போட்டிருக்குதுங்களே."

"கொஞ்சம் வண்டிய எடுத்தீங்கன்னா நல்லாருக்குமுங்க."

"எடுத்துரலாமுங்க. ஊட்டுக்காரி சேல எடுக்கப் போயிருக்கறா. சித்தெ இருங்க, இப்ப வந்துருவா."

சண்டை போடுகிற ஊராக இருந்தால் அஞ்சு நிமிஷத்தில் முடிந்திருக்கும். நம் ஊரில் அவரும் 'ங்க' போட்டார், நானும் 'ங்க' போட்டேன், வண்டி நகரவில்லை. நடுவில் யாழினிக்கு ஒரு மிட்டாய் வேறு கொடுத்தார். கூட வந்தவர் சேலை எடுத்து முடிப்பதற்குள் அத்தைக்கு ஊசியைக் கழற்றுகிற நேரம் வந்துவிட்டது. கிளம்பும்போது அவர், "கோவிச்சுக்காதீங்க, இத்தனை பார்க்கிங்லயும் இங்கதானுங்க கொஞ்சம் நெழல்" என்று சொன்னார். அதுவும் உண்மைதான், சார்ஜர் நனையக் கூடாது என்று அந்த ஒரு இடத்துக்குத்தான் கூரை போட்டிருந்தார்கள்.

திரும்பும் வழியெல்லாம் ஏசி போடவில்லை. டயாலிசிஸ் முடிந்த உடம்பு பிழிந்து போட்ட துணி மாதிரி கிடக்கும். ஈரத் துண்டை நெற்றியில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி வந்தார் அத்தை. தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். எங்கள் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில், அநியாயம் செய்தவர்களைத் தண்டிக்கச் சொல்லி மிளகாய் அரைத்துப் பூசுவது வழக்கம். கோயில் திருப்பம் வந்ததும் அத்தை கண்ணைத் திறந்தார்.

"சித்தெ நிறுத்து அம்மணி, அந்தாளுக்கு ரெண்டு மொளகா அரைச்சுப்போட்டுப் போலாம். வேண்டா, ஒண்ணு போதும். புள்ளைக்கு முட்டாயி குடுத்தானல்ல."

மோட்டார் ரூம்

சாளையில் ராத்திரி சார்ஜ் போட்டால் விடிவதற்குள் நிரம்பிவிட வேண்டும். ஆனால் எங்கள் லைனில் வோல்டேஜ் வந்தால் வரும். விடியற்காலையில் போய்ப் பார்த்தால், பரீட்சையில் பெயிலான பிள்ளை மாதிரி வண்டி முப்பத்தஞ்சு, நாற்பதில் நிற்கும். பக்கத்துத் தோட்டத்துப் பழனிச்சாமி அண்ணன் இதைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல் ஒரு யோசனை சொன்னார். தோட்டத்து மோட்டாருக்கு வருகிற கரெண்ட் இலவசம், நல்ல வேகமும் இருக்கும். பாசனத்தைத் தவிர வேறு எதற்கும் அதைத் தொடக் கூடாது என்பது சட்டம்.

"என்ற மோட்டார் ரூம்ல கொண்டாந்து மாட்டுங்க. யாரு பாக்கப் போறாங்க? ஒடம்புக்கு முடியாதவுங்களுக்குத்தானுங்களே."

எனக்கு ஆசைதான். வீட்டுக்காரர் ஒயரைக்கூட எடுத்துவிட்டார். வாசலில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்த அத்தைதான் வேண்டாம் என்றார். மற்றவர் பொருள் ஒரு பிடி வந்தாலும் அதற்கு ஈடாக ஒரு பிடி கொடுத்தாக வேண்டும் அவருக்கு. பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை வாங்கினால்கூட, கொண்டுபோன கிண்ணம் வெறுமையாகத் திரும்பாது. சட்டம் எல்லாம் அவருக்குத் தெரியாது, முறை தெரியும்.

"அது தென்னைக்குன்னு உட்ட கரெண்டு பழனிச்சாமி. நான் என்ன தென்னமரமா?"

மெஷினில் குறை இல்லை

பொள்ளாச்சி ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்க்கில் புதிதாக ஒரு சார்ஜர் வைத்திருந்தார்கள். பச்சை விளக்கு, பெரிய திரை, பார்க்கவே பூஜை அறை மாதிரி. டயாலிசிஸ் முடித்து வருகிற வழியில் நம்பி உள்ளே விட்டேன். செல்போனில் அந்தக் கம்பெனி ஆப் வேண்டும் என்றது. இறக்கினேன். ஓடிபி கேட்டது. அது வீட்டுக்காரர் நம்பருக்குப் போனது. நார் மில் சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது, போன் எங்கே கேட்கும்? ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ எடுத்து நம்பரைச் சொன்னார். நேரம் முடிந்துவிட்டது, மறுபடி அனுப்புகிறேன் என்றது ஆப்.

வெயிலில் அத்தை. பின் சீட்டில் யாழினி ஒண்ணுக்கு என்கிறாள். பங்க் வாட்ச்மேன், வயசானவர், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து அத்தையை நிழலில் உட்கார வைத்தார். ஒரு வழியாக எல்லாம் முடிந்து பிளக்கைச் சொருகினால், திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. அன்றைக்கு எப்படி ஊர் வந்து சேர்ந்தோம் என்று கேட்காதீர்கள். தேங்காய் ஏற்றின டெம்போ முந்தியது, டிவிஎஸ் முந்தியது, கடைசியில் புல்லுக்கட்டு வைத்த சைக்கிளும் முந்தியது. ஆனால் மனசில் நிற்பது, நாங்கள் கிளம்பும்போது அந்த வாட்ச்மேன் ஜன்னல் பக்கம் குனிந்து, சொந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னதுதான்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. மெஷின்ல ஒரு கொறையும் இல்லீங்க. கரெண்டு மட்டுந்தான் வாரதில்லீங்க."

ஒரே சீக்கு

டயாலிசிஸ் வார்டில் எட்டுக் கட்டில். எட்டுப் பேர் கையிலும் டியூப். ஒருத்தரை ஒருத்தர் அதிகம் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். போன வாரம் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் இந்த வாரம் இல்லை என்றால், ஏன் என்று யாரும் கேட்பதும் இல்லை. ஸ்டெல்லா கழுத்துச் சிலுவையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஊசியை எடுப்பாள். அத்தை சுவரைப் பார்ப்பார்.

அன்று ஊசி ஏறியதும் அத்தை கேட்டார். "ஏங்கண்ணு, நானும் உன்ற வண்டியும் ஒரே சீக்கு. ஒயரு மாட்டுனாத்தான் நாளைக்கு ஓடும். அந்த பேட்டரி சுத்தமாப் போச்சுன்னா என்ன பண்ணுவாங்க?"

"வேற மாத்துவாங்க அத்தை" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அத்தைக்கு இதயமும் பலவீனம், கிட்னி மாற்று ஆபரேஷன் தாங்காது என்று டாக்டர் ஏற்கெனவே கைவிரித்திருந்தார். ஸ்டெல்லா பிளாஸ்டரைத் தேவைக்கு அதிகமாக ஒட்டிக்கொண்டே இருந்தாள். எங்கள் ரெண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு அத்தையே சிரித்தார்.

"பாத்தியா ஸ்டெல்லா, என்ற மாமியா ஊட்டுல வாரண்டி கேக்காமயே என்னையக் கட்டிட்டு வந்துபோட்டாங்க."

ஒரு செவ்வெளநி

கிட்னி போனவர்களுக்குத் தண்ணீரே அளவுதான். பழம் ஆகாது, எளநி ஆகவே ஆகாது. அதில் இருக்கிற பொட்டாசியம் ரத்தத்தில் தங்கி, நெஞ்சை நிறுத்திவிடும் என்று ஸ்டெல்லா முதல் நாளே சொல்லியிருந்தாள். எங்களைச் சுற்றித் தென்னை, எங்கள் அத்தைக்கு ஒரு சொட்டு எளநி கிடையாது. ரெண்டு வருஷம் அதை ஒரு புகார் இல்லாமல் பொறுத்துக்கொண்டவர் அவர்.

முந்தின நாள் காற்றில் மட்டை விழுந்து லைன் அறுந்துவிட்டது. காலையில் வண்டியில் சார்ஜ் இல்லை என்றே சொல்ல வேண்டும். முகூர்த்த நாள் என்பதால் வாடகை வண்டி ஒன்றும் கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் லோடோடு பாலக்காட்டில் இருந்தார். இருக்கிறதை வைத்துக் கிளம்பினோம். கிணத்துக்கடவு தாண்டினதும் ஆமை விளக்கு எரிந்தது. இனிமேல் மெதுவாகத்தான் போவேன், கொஞ்ச தூரத்தில் நின்றுவிடுவேன் என்று அதற்கு அர்த்தம். ரோட்டோரமாக ஒரு வீடு, வாசலில் ஒரு பெண் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். போய் விஷயத்தைச் சொன்னேன். "அதுக்கென்னங்க, கொண்டாங்க" என்று மிக்ஸி ஒயரைப் பிடுங்கிப்போட்டுத் தன் சமையலறைப் பிளக்கையே விட்டுக்கொடுத்தார். ராஜேஸ்வரி அக்காவை நாங்கள் தெரிந்துகொண்டது இப்படித்தான். வீட்டுக்குள் அவர்கள் தெலுங்கு பேசுகிறவர்கள். எங்களிடம் பேசியது எங்களைவிடச் சுத்தமான கோயமுத்தூர்த் தமிழ்.

ஆஸ்பத்திரி வரை போகிற அளவுக்கு ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். நம் ஊர் வீடுகளில் ஒன்றரை மணி நேரம் வெறும் வாயோடு உட்கார முடியுமா? காப்பி என்றார், அத்தைக்கு ஆகாது என்றேன். மோர் என்றார், ஆகாது என்றேன். சர்க்கரை இல்லாமல் பால் என்றார். அதுவும் ஆகாது என்று சொல்ல எனக்கே கூசியது. அந்த அக்காவின் முகம் வாடியதைப் பார்த்துக்கொண்டே, யாழினியைப் பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். திரும்பி வரும்போது அத்தை கையில் மேல் சீவிய செவ்வெளநி. கவிழ்த்துப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. "காப்பிதானுங்க ஆகாது, இது மருந்துங்க, இப்பத்தான் எறக்குனது" என்று ராஜேஸ்வரி அக்கா சந்தோஷமாக நின்றார். வண்டியில் ஏறியதும் அத்தையைக் கேட்டேன், தெரிந்தே ஏன் குடித்தீர்கள் என்று.

"அவங்க கரெண்ட வாங்கிப்போட்டு எளநிய வேண்டாங்கறது மொறையா அம்மணி?"

அவர்களை ஒன்றும் சொல்லாதீர்கள்

கோயமுத்தூர் எல்லைக்கு வரும்போதே அத்தை பேச்சைக் குறைத்துவிட்டார். கால் கனக்கிறது என்றார், அப்புறம் அதையும் சொல்லவில்லை. வண்டி ஆமை வேகத்தைத் தாண்ட மறுக்கிறது. நான் ஸ்டியரிங்கை முன்னால் தள்ளிக்கொண்டே ஓட்டினேன், அதனால் போய்விடும் என்கிற மாதிரி. ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது வண்டியில் ரெண்டு சதவீதம் மிச்சம். அத்தையிடம் எவ்வளவு மிச்சம் என்று காட்ட எந்தத் திரையும் இல்லை.

ஐசியுவுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். மானிட்டரில் கோடு, குழந்தை கிறுக்கினது போல் ஓடியது. ஊசி மேல் ஊசி போட்டு, அங்கேயே மெஷினைக் கொண்டுவந்து மாட்டினார்கள். யாழினி என் இடுப்பில் தூங்கிவிட்டாள். எளநி குடித்த விஷயத்தை நர்ஸிடம் சொன்னேன். சாயங்காலம் டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். அத்தை முகத்தில் மாஸ்க். "எளநின்னா விஷம்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கமே. யாரு குடுத்தா?" என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலில் இருந்து ஒரு கை எழுந்து மாஸ்க்கை விலக்கியது.

"அவங்கள ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க டாக்டரு. எளநி நல்ல எளநிதானுங்க."

வெறும் வாய்

விஷயத்தை ராஜேஸ்வரி அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தோம். ஆனால் ஊர் எப்படியாவது சொல்லிவிடும். மூன்றாம் நாள், கை நிறையச் சாத்துக்குடியும் ஆரஞ்சுமாக வார்டுக்கு வந்து நின்றார். அதுவும் ஆகாது என்று ஸ்டெல்லா சொன்னதும், பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மார்போடு அணைத்துக்கொண்டு அழுதார். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் வீட்டுச் சுவர் கலர் ரொம்ப அழகு, என்ன பெயின்ட் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அந்த வீடு எங்கள் சார்ஜிங் ஸ்டேஷன் ஆனது. ஆப் இல்லை, ஓடிபி இல்லை, மிக்ஸியை மட்டும் பிடுங்க வேண்டும். கரெண்டுக்கு ஈடாக அத்தை ஒவ்வொரு தடவையும் ஏதாவது கொண்டுபோவார்: ஒரு கட்டு விளக்குமாறு, நாலு தேங்காய், யாழினியின் சின்னதாகிப்போன கவுன் ராஜேஸ்வரி அக்காவின் பேத்திக்கு. ரெண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவார்கள். நடுவில் டீப்பாய் காலியாக இருக்கும். எங்களுக்குக் கொடுக்க முடியாததைத் தானும் குடிக்க மாட்டார் அந்த அக்கா. நாக்கு வறண்டாலும் நாங்கள் போன பிறகுதான் காப்பி. வீட்டுக்கு வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்புவது நம் ஊர்ப் பெண்ணுக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அழுது முடித்து அவர் சொன்ன வார்த்தையைக் கடைசிவரை காப்பாற்றினார்.

"எப்ப வேணாலும் வந்து சார்ஜ் போட்டுக்குங்க. சத்தியமா இனிமே உங்களுக்குத் தண்ணி கூடத் தரமாட்டேனுங்க."

நூறு

மழைக்காலம் முடிகிறபோது அத்தை மிகவும் இளைத்துவிட்டார். வண்டிக்கு மட்டும் நல்ல காலம். புது டிரான்ஸ்பார்மர் வைத்து வோல்டேஜ் சரியாகிவிட்டது. ஒரு டயாலிசிஸ் நாள் காலையில் பிளக்கைக் கழற்றப் போனேன். திரையில் நூறு. எங்கள் வண்டி நூறு காட்டி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இன்றைக்கு எங்கேயும் நிற்க வேண்டாம், ஏசி போட்டுக்கொண்டே போகலாம் என்று சொல்லத்தான் ஓடினேன். அத்தை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், ஊசி போடும்போது திரும்பிக்கொள்கிற மாதிரியே. கையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

வாசலில் நூறோடு நின்ற வண்டியைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். திருப்பூரிலிருந்து வந்த ஒரு சித்தப்பா என் கையைப் பிடித்து வருத்தப்பட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து, "ஏனம்மணி, இது ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் போகும்?" என்றார். பழக்க தோஷத்தில் நான் முன் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

எடுப்பதற்கு முன்னால் பெண்கள் ஒவ்வொருவராக வாயில் ஒரு கரண்டி பால் ஊற்றினார்கள். கடைசியாக வந்தவர் ராஜேஸ்வரி அக்கா. ரெண்டு பஸ் மாறி வந்திருந்தார். கையில் வயர் கூடை. அதற்குள்ளிருந்து மேல் சீவின ஒரு செவ்வெளநியை எடுத்தார். ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அத்தை பக்கத்தில் உட்கார்ந்தவர், ஊற்றாமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்பக் குடுக்கலாமுங்களா, அம்மணி?"

இப்போதெல்லாம் நிழலில் எவர் வண்டி நின்றாலும், மெஷினில் கரெண்ட் வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு ஒரு கவலையும் இல்லை. போக வேண்டிய ஆஸ்பத்திரி இல்லாத வண்டியில் எந்நேரம் பார்த்தாலும் சார்ஜ் மிச்சம் இருக்கிறது.